பொருந்தாத பற்கடிப்பும் தாடை வலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாயை மூடிக் கடிக்கும்போது மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒழுங்காகப் பொருந்தாமல் இருப்பது மிகப் பரவலான நிலை. அதைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. பொருந்தாத கடிப்பு பற்களையும் ஈறுகளையும் எப்படிப் பாதிக்கிறது என்பது ஒன்று. தாடை வலிக்கு அதுதான் காரணமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மருத்துவத்திடம் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதிலோ கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் பெருமளவு மாறிவிட்டது. அந்த மாற்றத்தை அறியாமல் நல்ல பற்களை அரைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கேள்வி பதில்கள் சற்று விரிவாகவே எழுதப்பட்டுள்ளன.

சரியான கடிப்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை முன்னால் நிற்க வேண்டும். கீழ் முன்பற்களின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவை மறைக்க வேண்டும். கடைவாயில் மேற்பற்களின் கன்னத்துப் பக்க முகடுகள் கீழ்ப்பற்களுக்கு வெளியே அமர்ந்திருக்க வேண்டும். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-ல் வகுத்த முறைதான் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லை அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். மேல் கடைவாய்ப்பல்லின் முன்பக்க வெளி முகடு கீழ்க் கடைவாய்ப்பல்லின் வெளிப்புறப் பள்ளத்தில் பொருந்தினால் முதல் வகை. கீழ்ப்பல் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகை. முன்னேறியிருந்தால் மூன்றாம் வகை. முதல் வகையிலும் பற்கள் நெருக்கமாகவோ திரும்பியோ இருக்கலாம்.

இவை இலட்சிய அளவுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. உலகில் பெரும்பாலானோரின் வாய் இந்த அளவுகளிலிருந்து ஏதோ ஒரு வகையில் விலகியே இருக்கிறது. இந்த விலகலை நோய் என்று கருதத் தேவையில்லை.

பொருந்தாத கடிப்பு எந்தெந்த வடிவங்களில் காணப்படுகிறது?

எத்துப்பல் எல்லோருக்கும் தெரிந்தது: மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டு நிற்கும் அல்லது கீழ்த்தாடை பின்தங்கியிருக்கும். அதற்கு நேர்மாறாகக் கீழ்த்தாடை முன்தள்ளி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே கடிப்பதும் உண்டு. ஆழ்ந்த கடிப்பில் மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை முழுவதுமாக மறைத்துவிடும். திறந்த கடிப்பில் கடைவாய்ப்பற்கள் சேர்ந்த பிறகும் முன்பற்களுக்கு இடையே இடைவெளி இருக்கும். அப்படிப்பட்டவர்களால் ஒரு கறிவேப்பிலையைக்கூட முன்பற்களால் கடித்துத் துண்டாக்க முடியாது. குறுக்குக் கடிப்பில் மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழும். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியிருப்பதும், தெத்துப்பல்லும் தனி வகை. ஒரே வாயில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

என் தாடை வலிக்குக் கடிப்புதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பதில் பலருக்கு வியப்பளிக்கும் என்பதால், இதற்கு எதிரான எண்ணம் எப்படி வேரூன்றியது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு கருத்தை முன்வைத்தார். கடைவாய்ப்பற்களை இழந்தவர்களின் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்வதால் காதருகே மூட்டில் அமரும் அதன் முனை பின்னோக்கி நகர்ந்து அங்குள்ள நரம்புகளை அழுத்துகிறது என்றும், காது வலி, தலைவலி, காதடைப்பு ஆகியவை அதனால்தான் வருகின்றன என்றும் அவர் கருதினார். அவர் சொன்ன அழுத்தத்துக்கு உடற்கூறியல் ஆதாரம் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஆனாலும், பற்களின் பொருத்தம் கெட்டால் தாடை மூட்டு கெடும் என்ற எண்ணம் பல் மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. பற்களை அரைத்துச் சமன்செய்வதும், எல்லாப் பற்களுக்கும் உறை போட்டுக் கடிப்பையே மாற்றியமைப்பதும் பல பத்தாண்டுகள் தாடை வலிக்கு மருந்தாகக் கருதப்பட்டன.

அந்த எண்ணம் தளர்ந்ததற்குச் சில வலுவான காரணங்கள் உண்டு. பொருந்தாத கடிப்பு ஆண்களிடமும் பெண்களிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. ஆனால் தாடை வலிக்குச் சிகிச்சை தேடி வருபவர்களில் பெண்களே மிகுதி, அதிலும் இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள். கடிப்புதான் காரணம் என்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. மேலும், பற்கள் ஒன்றையொன்று தொடும் நேரமே மிகக் குறைவு. மெல்லுவதையும் விழுங்குவதையும் சேர்த்தாலும் ஒரு நாளில் அது அரை மணி நேரத்தை எட்டுவதில்லை. மற்ற நேரமெல்லாம் உதடுகள் மூடியிருந்தாலும் பற்களுக்கு இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கடுமையான திறந்த கடிப்போடும் குறுக்குக் கடிப்போடும் எழுபது வயதுவரை ஒரு வலியும் இல்லாமல் வாழ்பவர்கள் ஏராளம். அழகான பல்வரிசை இருந்தும் தாடை வலியால் துன்பப்படுபவர்களும் ஏராளம்.

தாடை வலியை ஒரே காரணத்தால் வரும் நோயாக இன்று யாரும் பார்ப்பதில்லை. மன அழுத்தம், தூக்கக் குறைவு, விழித்திருக்கும்போது தன்னையறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கம், தாடையில் பட்ட அடி, மூட்டுவாதம், உடலின் வேறு இடங்களில் நீடிக்கும் வலிகள், பரம்பரைக் கூறுகள் எனப் பல சேர்ந்தே அதை உருவாக்குகின்றன. 2014-ல் வெளியாகி இப்போது பல நாடுகளில் பின்பற்றப்படும் நோயறியும் விதிமுறைகள், மூட்டையும் தசையையும் சோதிப்பதோடு நோயாளியின் மனநிலையையும் அன்றாட வாழ்க்கைச் சிரமங்களையும் கேட்டறியச் சொல்கின்றன. பற்பொருத்தத்தை வைத்து இந்த நோயைத் தீர்மானிக்கும் விதி எதுவும் அவற்றில் இல்லை.

அப்படியானால் கடிப்புக்கும் தாடை மூட்டுக்கும் தொடர்பே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. ஒருபக்கக் குறுக்குக் கடிப்பு, முன்பக்கத் திறந்த கடிப்பு, ஆறு ஏழு மில்லிமீட்டருக்கு மேல் துருத்திய எத்துப்பல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கடைவாய்ப்பற்களை இழந்து மாற்றுப்பல் வைக்காத நிலை ஆகியவை தாடை மூட்டுக் கோளாறு உள்ளவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தத் தொடர்பு வலுவானதன்று. எது காரணம், எது விளைவு என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. மூட்டின் எலும்பு முனை தேயும்போது கீழ்த்தாடை பின்னோக்கிச் சரிந்து முன்பற்கள் மெல்ல மெல்ல விலகித் திறந்த கடிப்பு உண்டாகும். இத்தகையவர்களிடம் மூட்டு நோய்தான் முதலில் வந்தது. கடிப்பு மாறியது அதன் பின்விளைவு. அந்தக் கடிப்பைப் பார்த்துவிட்டு, அதனால்தான் மூட்டு கெட்டது என்று முடிவுகட்டினால் சிகிச்சை தலைகீழாகிவிடும்.

உடனடியாக உண்டாகும் மாற்றங்கள் வேறு வகை. பிறவியிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ உள்ள கடிப்புக்குத் தசைகளும் மூட்டும் வளரும்போதே பழகிக்கொள்கின்றன. நேற்றுப் போட்ட பல் அடைப்பு சற்று உயரமாக இருந்தால் அப்படிப் பழக நேரம் இருப்பதில்லை.

பல் அடைத்த பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் தட்டுகிறது. காத்திருக்கலாமா?

இரண்டு நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பற்களின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் இருக்கும் உணர்வு நரம்புகள் மிக நுட்பமானவை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான உயரத்தைக்கூட அவை கண்டுகொள்ளும். உணர்வு மரத்திருக்கும்போது நோயாளியால் சரியாகக் கடித்துக் காட்ட முடியாததால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. மறுநாள் அந்தப் பல் உயர்ந்து நிற்பதுபோல் தோன்றும், கடித்தால் வலிக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், சிலருக்கு அந்தப் பக்கத் தாடைத் தசையும் இறுகும்.

மருத்துவர் ஒரு நீலத் தாளைப் பற்களுக்கு இடையே வைத்துத் தட்டச் சொல்வார். பிறகு பக்கவாட்டில் அரைக்கச் சொல்வார். அடைப்பின் மேல் விழும் நீலப் புள்ளிகளில் எது முதலில் தட்டுகிறது என்பதைத் தாளின் அடையாளத்தோடு உங்கள் உணர்வையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெரிதாகவும் கருமையாகவும் விழுந்த புள்ளியில்தான் விசை அதிகம் என்று சொல்லிவிட முடியாது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, நாற்காலியில் சாய்ந்தபடி ஒருமுறையும் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒருமுறையும் கடித்துப் பார்த்து, எந்த இடம் தட்டுகிறது என்று தயங்காமல் சொல்லுங்கள். இங்கே அரைக்கப்படுவது அடைப்புப் பொருள்தான். உங்கள் பல் அன்று. இதைச் செய்துகொள்வதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை.

பொருந்தாத கடிப்பு பற்களை எப்படிப் பாதிக்கிறது?

இங்கேதான் உண்மையான கவலைக்கு இடமிருக்கிறது. கடைவாய்ப்பற்களால் முழு பலத்தோடு கடிக்கும்போது ஐம்பது, அறுபது கிலோ எடைக்குச் சமமான விசை பிறக்கும். நல்ல கடிப்பில் இந்த விசை பல பற்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டு, வேரின் நீளவாக்கில் எலும்புக்குள் இறங்குகிறது. தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கோரைப்பற்கள் வழிகாட்டிக் கடைவாய்ப்பற்களை விலக்கிவிடுகின்றன. திறந்த கடிப்பில் இந்த வழிகாட்டல் இருப்பதில்லை. கடைசி இரண்டு மூன்று பற்களே எல்லாவற்றையும் சுமக்கின்றன. அவற்றின் முகடுகள் தட்டையாகித் தேய்வதும், பெரிய அடைப்பு உள்ள பல்லின் சுவர் பிளந்துகொள்வதும் இத்தகைய வாய்களில் காணக்கூடியவை.

தேய்மானத்தை நீங்களே பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உங்கள் கோரைப்பற்களின் நுனியைக் கவனியுங்கள். இளம் வயதில் அவை கூர்மையாக இருக்கும். நுனி சீவிவிட்டதுபோல் பளபளப்பான ஒரு தளமாக மாறியிருந்தால் பல்லோடு பல் உரசியிருக்கிறது என்று பொருள். அந்தத் தளத்தின் நடுவில் மஞ்சள் நிறப் புள்ளி தெரிந்தால் எனாமல் முழுவதுமாகத் தேய்ந்து அடியிலுள்ள மென்மையான டென்டின் வெளிப்பட்டுவிட்டது. எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அதேசமயம், எல்லாத் தேய்மானத்தையும் கடிப்பின் தலையில் கட்டிவிட வேண்டாம். எலுமிச்சைச் சாறு, குளிர்பானம், நெஞ்செரிச்சலால் வாய்க்கு வரும் இரைப்பை அமிலம் ஆகியவை எனாமலை மென்மையாக்கி அரிக்கின்றன. அமிலத்தால் அரித்த பற்களில் முகடுகளின் உச்சியில் சிறு குழிகள் தோன்றும்.

எத்துப்பல் உள்ள குழந்தைகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. மேல் முன்பற்கள் மிகவும் துருத்தியிருந்து, உதடுகள் அவற்றை மூடிப் பாதுகாக்காத குழந்தைகளுக்குக் கீழே விழும்போது முன்பல் உடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மேல்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை பொறுத்திருக்கலாம் என்று தள்ளிப்போடும் பெற்றோர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதுக்குள் உடைந்த ஒரு முன்பல் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சிகிச்சை கேட்கும்.

ஈறுகளுக்கு என்ன ஆகும்?

ஆழ்ந்த கடிப்பின் கடுமையான வடிவத்தில் கீழ் முன்பற்களின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் உள்ள அண்ணத்து ஈறில் நேரடியாகக் குத்தும். நாக்கின் நுனியை மேல் முன்பற்களின் உட்புறம் வைத்துப் பார்த்தால் பல் பதிந்த பள்ளங்கள் தட்டுப்படலாம். அந்த இடம் சிவந்து வீங்கிச் சாப்பிடும்போது வலிக்கும். காலப்போக்கில் ஈறு விலகிப் பல்லின் வேர் வெளித்தெரியும். இது உறுதியாகச் சிகிச்சை தேவைப்படும் நிலை.

பொதுவான ஈறு நோயைப் பொறுத்தவரை, அதைத் தொடங்கிவைப்பது பற்களில் படியும் கிருமிப் படலமே. கடிப்பின் விசை மட்டும் ஈறு நோயைத் தொடங்கிவைக்கிறது என்பதற்கு மனிதர்களில் ஆதாரம் இல்லை. ஏற்கனவே எலும்பு கரைந்து தளர்ந்த பல்லின்மேல் தவறான கோணத்தில் விசை விழுந்தால் அந்தப் பல் மேலும் ஆடும். எனவே பல் ஆடுகிறது என்றால் முதலில் காறையை அகற்றி ஈறைச் சீராக்க வேண்டும். கடிப்பைத் திருத்துவது அதற்குப் பிறகு.

நெருக்கமான பற்களில் சொத்தை அதிகமாக வருமா?

பல்வரிசை நெருக்கத்துக்கும் சொத்தைக்கும் நேரடித் தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை. சர்க்கரையும், துலக்கும் முறையும், ஃபுளோரைடு உள்ள பற்பசையுமே சொத்தையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஏறி நிற்கும் பற்களுக்கு இடையே பிரஷ் எட்டாததால் அங்கே காறை படிவதும் ஈறில் இரத்தம் கசிவதும் உண்மை. சிறிய தலை கொண்ட பிரஷும் பல்லிடுக்குத் தூரிகையும் இதற்குப் பெரும் உதவி.

ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டேன். அந்த இடம் வெளியே தெரியவில்லையே, அப்படியே விட்டால் என்ன?

கீழ் முதல் கடைவாய்ப்பல்லைத்தான் பலரும் முதலில் இழக்கிறார்கள். ஆறு வயதில் எந்தப் பால்பல்லும் விழாமல் வரிசையின் கடைசியில் அது முளைப்பதால் பெற்றோர்கள் அதையும் பால்பல் என்று நினைத்துச் சொத்தையைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அதை எடுத்த பிறகு வெற்றிடத்துக்குப் பின்னாலுள்ள பல் முன்னோக்கிச் சாயும். மேலேயுள்ள பல் எதிரில் தடுப்பு இல்லாததால் கீழிறங்கும். இடுக்குகளில் சோறும் கீரை நாரும் சிக்கும். சாய்ந்த பல்லின் ஓரத்தில் ஈறில் பை உண்டாகும். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இது நடப்பதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பற்கள் அசையாமல் இருப்பதுண்டு. கடைசிப் பல்லை இழந்தவர்கள் மாற்றுப்பல் வைக்காமலே நன்றாக மெல்ல முடியும். நடுவில் ஒரு பல் போனவர்கள், குறிப்பாக இளம் வயதினர், சில மாதங்களுக்குள் அதைப் பற்றி முடிவெடுப்பது நல்லது. பற்கள் சாய்ந்த பிறகு பக்கத்துப் பற்களின் தாங்கலில் பாலம் கட்டுவதும், எலும்பில் திருகு பதித்து இம்பிளான்ட் வைப்பதும் கடினமாகிறது.

தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறேன். கடிப்பைச் சரிசெய்தால் நிற்குமா?

நிற்காது. உறக்கத்தில் மூளை கணநேரம் விழிப்பு நிலைக்கு நெருங்கும்போது தாடைத் தசைகள் இயங்குவதால் இது நிகழ்கிறது. இதைத் தொடங்கிவைப்பது மூளைதான். மன அழுத்தம், இரவில் காபி, மது, புகை, மனச்சோர்வுக்காகத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவை இதைக் கூட்டலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்கக் கோளாறு உள்ளவர்கள் முதலில் அதற்கான மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பூச்சி மருந்து கொடுப்பதால் அது நிற்கும் என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் வளர வளரத் தானாகவே குறைந்துவிடும்.

இரவில் அணியும் பற்காப்பு உதவுமா?

பற்களைத் தேய்மானத்திலிருந்து காக்க உதவும். சிலருக்குக் காலையில் எழும்போது இருக்கும் தாடை இறுக்கத்தையும் நெற்றியின் இரு ஓரங்களிலும் உள்ள பொட்டுப் பகுதித் தலைவலியையும் குறைக்கும். கடிக்கும் பழக்கத்தை அது நிறுத்தாது. அளவெடுத்துச் செய்த, வரிசையின் எல்லாப் பற்களையும் மூடுகிற, கடினமான அக்ரிலிக் காப்பையே பரிந்துரைப்பேன். முன்பற்களை மட்டும் மூடும் சிறிய காப்புகளை மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் அணிந்தால், மூடப்படாத கடைவாய்ப்பற்கள் உயர்ந்து எழுந்து புதிதாகத் திறந்த கடிப்பை உண்டாக்கிவிடும். காப்பைக் கழற்றிய பிறகு பற்கள் பழையபடி சேரவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தாடை வலிக்காகப் பற்களை அரைத்துச் சமன்செய்யச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

வேண்டாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1996-ல் கூட்டிய மாநாடே, தாடை மூட்டுக் கோளாறுகளுக்குப் பழைய நிலைக்குத் திரும்ப முடியாத சிகிச்சைகளைத் தவிர்த்து எளிய முறைகளைப் பின்பற்ற அறிவுறுத்தியது. அதற்குப் பின் வந்த வழிகாட்டல்களும் அதே திசையில்தான் இருக்கின்றன. தாடை வலியில் பெரும்பகுதி தானாகவோ எளிய சிகிச்சையாலோ குறைந்துவிடும். அரைத்த எனாமலை யாராலும் திரும்பத் தர முடியாது. வாய் முழுவதும் உறை போட்டுக் கடிப்பை உயர்த்த வேண்டும் என்ற யோசனைக்கும் இதே பதில்தான். தாடை வலி ஒன்றே காரணமாகச் சொல்லப்பட்டால் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் எதற்கும் கையெழுத்திட வேண்டாம்.

பல்லுக்குக் கிளிப் போட்டால் தாடை வலி குணமாகுமா? அல்லது கிளிப்பால்தான் வலி வருமா?

இரண்டும் இல்லை என்பதே இன்று கிடைக்கும் ஆதாரங்களின் சாரம். 1987-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பல்சீரமைப்புச் சிகிச்சையால் தாடை மூட்டுக் கோளாறு வந்ததாகத் தொடுத்த வழக்கில் நோயாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அது அத்துறையை உலுக்கியதால் தொடர்ந்து பல ஆய்வுகள் நடத்தப்பட்டன. கிளிப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பிற்காலத்தில் தாடைக் கோளாறு வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே அவை காட்டின. மெல்லுவதற்கு, சுத்தம் செய்வதற்கு, பற்களைக் காப்பதற்கு, தோற்றத்துக்கு எனக் கிளிப் போட நியாயமான காரணங்கள் பல உண்டு. தாடை வலி அவற்றில் சேராது. வலி கடுமையாக இருக்கும்போது முதலில் அதைக் குறைத்துவிட்டு, அதன்பின் பல்சீரமைப்பைத் தொடங்குவதே முறை.

வாயைத் திறக்கும்போது காதருகே ‘டக்’ என்று சத்தம் வருகிறது. ஆபத்தா?

கீழ்த்தாடையின் முனைக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே ஒரு சிறிய வட்டு இருக்கிறது. வாயைத் திறக்கும்போது தாடை முனை முதலில் சுழன்று, பிறகு முன்னோக்கிச் சறுக்கும். வட்டும் அதனோடு சேர்ந்து நகர வேண்டும். வட்டு சற்று முன்னால் விலகியிருந்தால், முனை அதன்மேல் ஏறும் கணத்தில் அந்தச் சத்தம் எழுகிறது. வலியோ தாடை சிக்கிக்கொள்வதோ இல்லாத சத்தத்துக்குச் சிகிச்சை தேவையில்லை. நெடுநாள் கேட்ட சத்தம் திடீரென நின்று, அதே நாளில் வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை என்றால் வட்டு சிக்கிக்கொண்டிருக்கலாம். சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாய் திறந்தபடியே மூட முடியாமல் நின்றுவிட்டால் அது மூட்டு நழுவல். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலியைக் குறைக்க வீட்டில் என்ன செய்யலாம்?

பகலில் உங்கள் பற்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று கவனிப்பதிலிருந்து தொடங்குங்கள். கைபேசியைப் பார்க்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், கணக்கு எழுதும்போதும் பலர் தம்மையறியாமல் கடித்துக்கொண்டிருப்பார்கள். உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் மெல்லத் தொட்டிருக்கட்டும். தாடை ஓய்வெடுக்கும் நிலை இதுதான். இதை நினைவூட்ட மேசையில் ஒரு சிறு அடையாளம் ஒட்டிவைத்தாலே போதும்.

இரண்டு மூன்று வாரங்களுக்குச் சீடை, தட்டை, கரும்பு, எலும்புக் கறி போன்ற கடினமானவற்றைத் தவிருங்கள். சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி வரும்போது கையால் தாடையைத் தாங்குங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத் தசையின் மேலும் பொட்டின் மேலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம் வைத்திருங்கள். தாடையை வேகமாக அசைத்துச் சத்தம் வரவழைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வலி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் குறைந்த நாட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் கடிப்பை எப்போது காட்ட வேண்டும்?

ஏழு வயதில் ஒருமுறை காட்டுவது நல்லது. நிலையான கடைவாய்ப்பல்லும் முன்பற்களும் முளைத்திருக்கும் பருவம் அது. விரல் சூப்பும் பழக்கம் நான்கு ஐந்து வயதைத் தாண்டி நீடித்தால் திறந்த கடிப்பும் குறுகிய மேல்தாடையும் உண்டாகலாம். கடிக்கும்போது கீழ்த்தாடை ஒருபக்கமாக நகர்ந்து சேர்கிறதா என்று பாருங்கள். அப்படி நகர்ந்தால் அது ஒருபக்கக் குறுக்குக் கடிப்பாக இருக்கலாம். விட்டுவிட்டால் தாடை அந்தப் பக்கமே சாய்ந்து வளரும் அபாயம் உண்டு. மேல்தாடையை விரிக்கும் கருவி, அண்ணத்தின் நடு இணைப்பு இறுகுவதற்கு முன், பருவமடைவதற்கு முந்தைய வயதில் எளிதாக வேலை செய்யும். எல்லாக் கோளாறுக்கும் இப்படி அவசரம் இல்லை. சாதாரண நெருக்கத்துக்கு நிலையான பற்கள் பெரும்பாலும் முளைக்கும்வரை காத்திருக்கலாம். கீழ்த்தாடை முன்தள்ளியிருப்பதற்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், வளர்ச்சி முழுமையாக நின்ற பிறகே அதைச் செய்வார்கள்.

வளர்ந்த பிறகு கடிப்பு திடீரென மாறினால்?

எந்த வயதிலும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. விபத்துக்குப் பின் மாறினால் தாடை முனை எலும்பு முறிந்திருக்கலாம். முகவாயில் பட்ட அடி காதருகே எலும்பை முறிப்பது உண்டு. மெதுவாக ஒருபக்கம் விலகினால் தாடை முனையின் மிகை வளர்ச்சியோ கட்டியோ இருக்கலாம். இரு பக்கமும் மூட்டுவாதத்தால் தேய்ந்தால் முன்பற்கள் விலகத் தொடங்கும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடையில் தோன்றி, நின்றால் குறையும் வலி இதயத்திலிருந்து வரலாம். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு மெல்லும்போது தாடை களைத்து வலிப்பதும், புதிய தலைவலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வை போய்விடும் ஆபத்து இருப்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சத்தமும் இல்லை, மூட்டு வலியும் இல்லை. ஆனால் வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வருகிறது. இதுவும் கடிப்புக் கோளாறா?

உங்களுக்குப் பாக்கு போடும் பழக்கம் இருக்கிறதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பாக்கு, பான் மசாலா, குட்கா, மாவா ஆகியவற்றை மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகிவரும் ஒரு நோய் உண்டு. நம் நாட்டில் இது நிறையக் காணப்படுகிறது. காரமான குழம்பு பட்டால் வாய் எரிவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, விரலால் தடவினால் கயிறுபோல் பட்டைகள் தட்டுப்படும். இயல்பாக 40 மில்லிமீட்டருக்கு மேல், ஏறத்தாழ உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்கும் அளவுக்குத் திறக்கும் வாய், இரண்டு விரலுக்கும் பிறகு ஒரு விரலுக்குமாகச் சுருங்கும். தாடை மூட்டுக் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இந்த நோய் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை கலக்காத வெறும் பாக்கும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வகைப்படுத்தியிருக்கிறது. பழக்கத்தை அன்றே நிறுத்திவிட்டு, அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வாய் மற்றும் முகத்தாடை மருத்துவரிடமோ காட்டுங்கள். இறுகிய நார் முழுவதும் மறையாவிட்டாலும், பாக்கை நிறுத்துவதாலும் வாய் திறக்கும் பயிற்சியாலும் மேலும் சுருங்காமல் தடுக்க முடியும். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்காமல் அதையும் அதே மருத்துவரிடம் காட்டுங்கள்.